டெல்டா சேற்றுக்கு ஜிப்ஸி கிங்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண்ணில் போக வேண்டிய வண்டிக்கு முதல் தகுதி எடை குறைவு. குதிரைத்திறன், உயரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் கணக்கில் மாருதி ஜிப்ஸி கிங்கை இன்றைக்கும் அடித்துக்கொள்ள ஆள் குறைவு. சாஃப்ட் டாப் வண்டி 985 கிலோதான். அகலம் 1540 மி.மீ. என்பதால் ஆற்றங்கரைச் சாலையில் எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தாலும் ஒதுங்க இடமிருக்கும்.

ஜிப்ஸி 1985 டிசம்பரில் 970 சிசி என்ஜினோடும் நான்கு கியரோடும் வந்தது. 1996-ல் வந்த கிங்குக்கு 1.3 லிட்டர் என்ஜின், ஐந்து கியர். 2000-ல் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) என்ஜின் வந்ததும் திறன் 80 குதிரையானது. வாங்குவதென்றால் இந்தக் கடைசி வகையையே தேடுங்கள். பழைய 970 சிசி வண்டி அழகுதான், ஆனால் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் பைபாஸில் போகும்போது திணறும். கிங்கின் என்ஜின் குடும்பமே மாருதி எஸ்டீம் காரிலும் இருந்தது. அதனால் என்ஜின் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. ஆக்ஸில் சீல், பாடி பாகங்களுக்குத்தான் அலைச்சல்.

வாங்கும்போது என்ஜினைவிட சேசிஸை அதிக நேரம் பாருங்கள். பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷேக்கிள் பிடிமானம், பாடி மவுன்ட், கால் வைக்கும் தரை, பேட்டரி தட்டு ஆகியவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். கணீரென்று வராமல் மந்தமாக ஒலித்தால் உள்ளே துரு. பெட்டி சேசிஸின் வடிகால் துளைகளில் கம்பி விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அந்தத் துளைகள் சேற்றால் அடைத்து, உள்ளே ஈரமண் தேங்கிக் கிடக்கும். டிஎன் 51 (நாகப்பட்டினம்) எண் போட்ட வண்டி என்றால் இரட்டைக் கவனம் வேண்டும். வேதாரண்யம் உப்புக்காற்று பெயின்டுக்கு அடியிலேயே வேலையை முடித்திருக்கும். கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) எடுக்கும்போது நான்கு சிலிண்டருக்கும் இடையே 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ராணுவ ஏல வண்டி என்றால் ஏல விடுவிப்புத் தாளும் சேசிஸ் எண்ணும் பொருந்தாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது. டீசல் என்ஜின் மாற்றம், சாஃப்ட் டாப்பை ஹார்ட் டாப் ஆக்குவது, முன்னால் இரும்புக் கிரில் எல்லாம் இதில் மாட்டும். கிரில்லுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குத் தனியாக எழுதியது. 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பார்கள். ஒவ்வொரு முறையும் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ‘வின்டேஜ்’ பதிவு வாங்கித் தப்பலாம் என்பது நடக்காது. அதற்கு 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அன்றாடம் ஓட்டவும் முடியாது.

இதில் மனம் நோக ஒன்றுமில்லை. மலையே இல்லாத டெல்டாவில் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் எதற்கு? கம்பெனி கொடுத்த 210 மி.மீ. தரை இடைவெளி வாய்க்கால் கரைக்குப் போதும். உயர்த்திய ஜிப்ஸி வளைவில் சாயும். புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் கூடி யூனிவர்சல் ஜாயின்ட் தேயும். அந்தப் பணத்தைத் தண்ணீரும் சேறும் உள்ளே போகாமல் அடைக்கச் செலவிடுங்கள்.

முதல் வேலை முன் ஆக்ஸிலின் நக்கிள், அதாவது முன்சக்கரம் திரும்பும் மூட்டு. உருண்டையான அந்தக் கிண்ணத்தின் மேல் காய்ந்த களிமண், ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப உப்புத்தாள் போலச் சீலை அறுத்துவிடும். ஆக்ஸில் ஆயில் கசிந்து கிரீஸோடு கலந்து, சக்கரத்தின் உள்பக்கம் கருப்பாக வழியும். பிரிக்கும்போது நக்கிள் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். சீல் போடாமல் நக்கிளின் டை ராட் துளையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் 1 முதல் 1.8 கிலோவுக்குள் அசையத் தொடங்க வேண்டும். ஷிம் என்ற மெல்லிய தகட்டைக் கூட்டிக் குறைத்து அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இது தளர்ந்தால் 60 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். வீல் பேலன்ஸ் பார்த்துப் பார்த்துக் காசு கரைவது பெரும்பாலும் இந்தக் கோளாறால்தான்.

அடுத்தது, இழுவையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். இது கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக மூன்று ரப்பர் மவுன்ட்டில் தொங்குகிறது. ரப்பர் கிழிந்தால் அதிர்வு வரும், 4எல் (நான்கு சக்கர இழுவை, குறைவேகம்) லீவர் தானாகக் கழன்றுகொள்ளும். உள்ளே கியர் போய்விட்டது என்று பிரிக்கும் முன் மவுன்ட்டைப் பாருங்கள்.

ஆயில் அளவு: கியர்பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8, முன் டிஃப் (ஆக்ஸிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல்) 2, பின் டிஃப் 1.5. சூடான ஆக்ஸில் வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டாகும். பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் மோர் நிறமாவது அதனால்தான். பிரீதரில் பெட்ரோல் ஹோஸ் மாட்டி, முன்னதை என்ஜின் அறையின் மேல்பகுதிக்கும் பின்னதை பாடிக்குள் உயரத்துக்கும் கொண்டுபோய்விடுங்கள். நூறு, இருநூறு ரூபாய் வேலை. மொத்தத் தயாரிப்பிலும் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

டயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனி அளவு எஃப்78-15. அதற்கு நெருங்கி வருவது 215/75 ஆர்15, வெளிவிட்டம் 703 மி.மீ. 235/75 போட்டால் 733 மி.மீ. ஆகும், முழுத் திருப்பத்தில் உரசும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஏற்கெனவே 103 நியூட்டன் மீட்டர் டார்க் மட்டுமே உள்ள என்ஜின் இன்னும் சோர்ந்துபோகும். எந்த அளவானாலும் எஃப்சிக்கு ஏற்குமா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். களிமண்ணுக்கு அகல டயரைவிட, கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள குறுகிய டயர் நல்லது. சேறு தானாக உதிர்ந்து, கீழே உள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கும். மணலில் இதற்கு நேர்மாறு: காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள், 12-க்குக் கீழே போனால் டயர் ரிம்மைவிட்டுக் கழலும். தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்ப ஒரு 12 வோல்ட் பம்ப் வேண்டும்.

ஓட்டும்போது, ஹப் லாக் (முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் திருகு) உள்ள வண்டியில் சேற்றில் இறங்கும் முன்பே இரண்டு ஹப்பையும் ‘லாக்’கில் வையுங்கள். மாட்டிக்கொண்ட பிறகு முழங்கால் சேற்றில் உட்கார்ந்து திருகுவது கொடுமை. உலர்ந்த தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போடாதீர்கள். நடுவில் டிஃப் இல்லாததால் ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொண்டு ஜாயின்ட் உடையும். சேற்றில் 4எல், இரண்டாம் கியர், சீரான ஆக்சிலரேட்டர். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் பிரேக்கை லேசாக மிதியுங்கள், மறுபக்கத்துக்கு இழுவை போகும். அப்படியும் வரவில்லையென்றால் சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டை. டெல்டாவில் அதற்கு எங்கும் பஞ்சமில்லை. பம்பரில் வின்ச் (வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள்) பொருத்துவதைவிட, பின்னால் போட்டுக்கொண்டு போகும் கைவின்ச் சட்டத்துக்கும் சரி, முன் ஸ்பிரிங்குக்கும் சரி, நல்லது.

சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் ஓடும் தண்ணீரில் இறங்க வேண்டாம். விதைத்த வயலும், கோடியக்கரைச் சரணாலயமும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் ஆஃப்ரோடு தடங்கள் அல்ல.

வீடு திரும்பியதும் அன்றே கழுவ வேண்டும். ரேடியேட்டருக்கு என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து மெதுவான தண்ணீர் விடுங்கள். முன்பக்கமிருந்து வேகமாக அடித்தால் களிமண் இடுக்கில் இறுகிவிடும். பின் பிரேக் டிரம்மைக் கழற்றிச் சேற்றை எடுங்கள். மறுநாள் காலை, வண்டியை அசைக்கும் முன், டிஃப் வடிகால் திருகை லேசாகத் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருக்கும். முதல் சொட்டே தெளிந்த தண்ணீராக வந்தால் அன்றே ஆயில் மாற்றியாக வேண்டும்.