ட்வைலைட் ஸோன் ப்ளூ-ரே பெட்டி: வசனம் எழுதுகிறவன் பார்த்த விதம்

1959 முதல் 1964 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் டிவியில் வந்த கறுப்பு வெள்ளைத் தொடர். ஐந்து சீசன், 156 தனித்தனிக் கதைகள். அதில் 92 கதைகளுக்குத் திரைக்கதை, தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் எழுதியது. சீரியலுக்கு வசனம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த எண்ணிக்கையே வயிற்றைக் கலக்குகிறது.

பேய்க்கதை என்று நினைத்து வாங்காதீர்கள். செர்லிங் 1955இல் ‘பேட்டர்ன்ஸ்’, அடுத்த வருஷம் ‘ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்’ என்று சமூக டிவி நாடகங்களுக்கே எம்மி விருது வாங்கியவர். 1956இல், அமெரிக்கத் தெற்கு மாநிலத்தில் வெள்ளையர்கள் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் கொலையை மனதில் வைத்து ஒரு டிவி நாடகம் எழுதினார். ஸ்பான்சர் பக்கம் பயந்துபோய்க் கதையைத் தெற்கிலிருந்து வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துக்கு மாற்ற வைத்தார்கள். கோக் பாட்டில்கூடத் தெற்கை ஞாபகப்படுத்தும் என்று செட்டிலிருந்து தூக்கினார்கள். சரி, மனுஷன் சொன்னால்தானே வெட்டுவீர்கள், வேற்றுக்கிரகவாசி சொன்னால்? அந்தக் கணக்கில் பிறந்ததுதான் இந்தத் தொடர். ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் ட்யூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ கதையில் கரண்ட் போனதும் ஒரு தெருவே பக்கத்து வீட்டுக்காரனை எதிரியாகப் பார்க்கிறது. ஸ்பான்சருக்கு அதில் வெட்ட ஒன்றும் அகப்படவில்லை!

வரிசையாகப் பார்க்க வேண்டாம். முதல் சீசனில் ‘தி பர்பிள் டெஸ்டமென்ட்’ போடுங்கள்: யார் அடுத்துச் சாவார்கள் என்பது ஒரு ராணுவ அதிகாரிக்கு அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. கதை நடப்பது பிலிப்பைன்ஸில். செர்லிங் பாராசூட் படைவீரராகச் சண்டை போட்ட இடம் அது. அப்புறம் ‘வாக்கிங் டிஸ்டன்ஸ்’. வேலையில் களைத்த விளம்பரக் கம்பெனிக்காரன் தன் சிறுவயது ஊருக்குள் நடந்தே போய்விடுகிறான். கதையில் வரும் ராட்டினத்துக்கு முன்மாதிரி, செர்லிங் வளர்ந்த பிங்ஹாம்டன் ஊர்ப் பூங்காவில் இருந்தது. பெர்னார்ட் ஹெர்மன் இசை வேறு, நான் அழுதுவிட்டேன்.

குறை நிறைய உண்டு. இரண்டாம் சீசனில் செலவை மிச்சம் பிடிக்க ஆறு கதைகளை வீடியோ டேப்பில் எடுத்தார்கள். மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும்போது அவை மட்டும் மங்கல், எந்த ப்ளூ-ரேயும் அதைச் சரிசெய்யாது. நான்காம் சீசனை ஒரு மணி நேரமாக இழுத்ததில் பாதிக் கதைகள் தொய்கின்றன. செர்லிங் பெரும்பாலும் டிக்டேட்டிங் மெஷினில் சொல்லித்தான் எழுதுவார். அதனாலோ என்னவோ, வில்லன், கிழவி, குழந்தை எல்லோரும் ஒரே மூச்சில் மேடைப்பேச்சு பேசுகிறார்கள். நானாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வசனத்தை அடித்துவிடுவேன்.

கதைகள் மட்டும் உள்ள மலிவு டிவிடியும் கிடைக்கும். அதை எடுக்காதீர்கள். ப்ளூ-ரேயில் கருத்துரை ஒலித்தடங்கள் இருக்கின்றன, சில கதைகளின் இசையைத் தனியாகவே கேட்கலாம். ப்ளூ-ரே தட்டுகளை நாடுவாரியாக மண்டலம் பிரித்து விற்கிறார்கள்: அமெரிக்கத் தட்டுகள் ஏ மண்டலம், நம்முடையது சி. உங்கள் பிளேயர் எல்லா மண்டலமும் படிக்குமா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.