ஹாலிபட் பிடிக்க ஹோமர் போகிறீர்களா? பெரிய படகா, ஆறு பேர் படகா?

அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பிடிக்கப் போகலாம் என்று வீட்டில் பேச்சு முடிவானதும் அடுத்த கேள்வி எந்தப் படகு என்பதுதான். அங்குள்ள ஹோமர் துறைமுகத்தில் வாடகைப் படகுகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லோருடைய படத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொங்குகிறது, எல்லோருமே அனுபவசாலி கேப்டன்கள். ஆக, படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. நாங்கள் ஆறு பேர் போகும் சின்னப் படகைத்தான் பிடித்தோம். இன்னொரு முறை போனாலும் அதில்தான் போவேன். அதனால் இதை நடுநிலையான ஒப்பீடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் இந்த ஆறு என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி, தனி ஆய்வுச் சான்றிதழ் இல்லாத படகில் கட்டணம் செலுத்தும் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது. அதைத்தான் அங்கே எல்லோரும் 'சிக்ஸ் பேக்' என்கிறார்கள். அதற்கு மேல் ஆள் ஏற்ற வேண்டுமானால் படகையே ஆய்வு செய்து சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் இல்லை என்பதால் சின்னப் படகு ஆபத்தானது என்று அர்த்தமில்லை, கேப்டனுக்கு இரண்டிலும் உரிமம் கட்டாயம். அதோடு 2011 முதல், வாடிக்கையாளரை ஏற்றிக்கொண்டு ஹாலிபட் பிடிக்கத் தனி அனுமதிச் சீட்டும் தேவை. எத்தனை பேர் தூண்டில் போடலாம் என்பது அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கும்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பெரிய படகு மலிவு. நான் விசாரித்த இடங்களில் ஆளுக்கு 100 டாலர் வரை வித்தியாசம் இருந்தது. மீன்பிடி லைசென்ஸ் இரண்டிலும் நம் செலவுதான். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும், மழைக்கோட்டு வேண்டும். கம்பு, ரீல், இரை எல்லாம் அவர்களே தருவார்கள். கழிப்பறை பெரிய படகில் கொஞ்சம் விசாலமாக இருக்கும். சின்னப் படகில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், எல்லாவற்றிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இதில் எதுவுமே இல்லை. உங்கள் தூண்டில் கடலடியில் எத்தனை நேரம் நிற்கும்? கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

ஹோமர் இருப்பது குக் இன்லெட் என்ற நீண்ட கடற்கழியின் வாய்ப்பகுதியில். உலகிலேயே மிகப் பெரிய ஓத ஏற்ற இறக்கம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) உள்ள கடல்களில் இதுவும் ஒன்று. ஹோமரிலேயே வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே 25 அடியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அவ்வளவு தண்ணீர் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போகிறது. ஹாலிபட்டோ தரையோடு தரையாகக் கிடக்கும் தட்டை மீன். இரை தரையில் கிடந்தால்தான் அதற்கு வேலை. நீரோட்டம் வேகமாக இருக்கும்போது ஒன்றரைக் கிலோ ஈயக்குண்டு கட்டினாலும் தரையில் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். ஓட்டம் தணியும் அந்த இடைவேளைதான் நல்ல நேரம். காலையில் புறப்பட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் ஓடி, நங்கூரம் போட்ட பிறகு அந்த நேரம் கொஞ்சம்தான் கைக்கு வரும்.

இப்போது பெரிய படகை நினைத்துப் பாருங்கள். பதினாறு பேர் பக்கச்சுவரை ஒட்டி வரிசையாக நிற்கிறார்கள். நங்கூரம் போட்டால் படகு நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், எல்லாத் தூண்டில் நரம்பும் பின்பக்கமாகச் சாயும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் நிற்பவரின் நரம்பு நேராக நடுவில் நிற்பவரின் கீழே வருகிறது, அவருடையது பின்னால் நிற்பவரின் கீழே போகிறது. ஒருவர் கொஞ்சம் இலேசான குண்டு கட்டியிருந்தால் போதும், நாலு பேருடையது ஒன்றாகச் சுற்றிக்கொள்ளும். 60 மீட்டர் ஆழத்திலிருந்து கனத்த குண்டையும் சேர்த்துக் கையால் சுற்றி மேலே கொண்டுவந்து, உதவியாள் வந்து சிக்கெடுத்து, மறுபடி இரை கோத்து இறக்குவதற்குள் ஓட்டம் திரும்பிவிடும். அந்தக் குளிரில் ஈரக்கையோடு காத்திருக்கும் நேரம் கொஞ்சம் நீளமாகவே தெரியும். உதவியாளைக் குறை சொல்லவும் முடியாது, இருவர் பதினாறு பேரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆறு பேர் படகில் எல்லோரும் பின்தளத்தில்தான் நிற்கிறோம். நரம்புகள் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு ஒரே திசையில் போகின்றன. கேப்டன் ஆறு பேருக்கும் ஒரே எடையில் குண்டு கட்டிவிட்டார். ஓட்டம் கூடினால் எல்லோருக்கும் ஒன்றாக மாற்றினார். சிக்கல் விழவே இல்லை என்று சொல்லமாட்டேன், விழுந்தால் இருவருக்குள் முடிந்தது. என் பக்கத்தில் நின்றவர் ஒவ்வொரு கடிக்கும் கம்பை வெடுக்கென்று தூக்கி இழுத்துக்கொண்டிருந்தார். அங்கே பயன்படுத்துவது வளைந்த சர்க்கிள் ஹூக், வெடுக்கென்று இழுத்தால் மீனின் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கேப்டன் அவர் பக்கத்தில் வந்து நின்று, 'ஒன்றும் செய்யாதீர்கள், கம்பு தானாக வளைந்து நிற்கட்டும், பிறகு சுற்றுங்கள்' என்றார். அடுத்த கடியில் கம்பின் நுனி இரண்டு முறை துடித்தது, அப்புறம் மெதுவாகத் தண்ணீரை நோக்கிக் குனிந்து அப்படியே நின்றது. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். மீன் வந்தது. பதினாறு பேர் படகில் அப்படிப் பக்கத்தில் வந்து நிற்க யாருக்கு நேரம்?

ஓடும் நேரமும் இதே கணக்கில்தான் சேரும். சின்னப் படகுகள் பெரும்பாலும் வேகமானவை. அரை மணி மிச்சமானால் போக வர ஒரு மணி நேரம், அது முழுக்கத் தூண்டில் நேரம். ஒரு நிபந்தனை: கேபின் நாலு பக்கமும் மூடி, உள்ளே ஹீட்டர் இருக்க வேண்டும். வெறும் துணிக்கூரை போட்ட படகு வேகமாக ஓடினால் இறங்கும்போதே விறைத்துப்போயிருப்பீர்கள். அங்கே கோடையிலும் கடல்நீர் 10 டிகிரி பக்கம்தான், காற்று அதைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

பெரிய படகுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுதான் நல்லது. கனமான படகு ஆடுவது குறைவு, நங்கூரத்தில் நிற்கும்போது இந்த வித்தியாசம் வயிற்றில் தெரியும். காற்று கூடினால் சின்னப் படகைத்தான் முதலில் ரத்து செய்வார்கள். கேப்டன் ரத்து செய்தால் பொதுவாகப் பணம் திரும்ப வரும், விமான டிக்கெட்டும் ஹோட்டலும் யார் தருவார்கள்? ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் இதை யோசிக்கத்தான் வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், மீன் கிடைத்தால் சரி கிடைக்காவிட்டாலும் சரி, கடலில் ஒரு நாள் இருந்தால் போதும் என்பவர்களுக்கும் பெரிய படகே தாராளம். ஒரு குடும்பமாக மூன்று நாலு பேர் போனால் சின்னப் படகில் மீதி இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவர் வாய் மூடாத ஆளாக இருந்தால் ஒளிய இடமில்லை.

ஹோமரா, அலாஸ்காவின் இன்னொரு துறைமுகமான சீவர்டா என்பது தனி வழக்கு. அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து சீவர்ட் 200 கிலோமீட்டர், ரயிலே போகிறது. ஹோமருக்கு ரயில் கிடையாது, நாலரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஆனால் சீவர்டில் ஹாலிபட்டுக்குப் போவதென்றால் பெரும்பாலும் ரெசரெக்‌ஷன் விரிகுடாவைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போக வேண்டும், படகு ஓடும் தூரமும் நீளம், அலையும் பெரிது. சால்மனும் பாறைமீனும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு சீவர்ட் பொருந்தும். சீவர்டில் நான் ஏறியது பெரிய படகில் மட்டும், அங்குள்ள சின்னப் படகு பற்றி அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. திறந்த கடலின் அலையில் என் கணக்கு மாறலாம்.

பணம் கட்டும் முன் தேதியையும் கவனியுங்கள். ஹாலிபட் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1923இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து தொடங்கிய ஹாலிபட் ஆணையத்தின் ஆண்டுக் கூட்டம் முடிந்த பிறகுதான் அந்த ஆண்டில் எவ்வளவு பிடிக்கலாம் என்ற அளவு தெரியும். ஹோமர், சீவர்ட் பகுதியில் வாடகைப் படகில் போகிறவர்கள் வாரத்தின் சில நாட்களில் ஹாலிபட்டை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடை வரும். பிடிக்கும் மீன்களில் ஒன்றுக்கு நீள வரம்பும் வரும். இதைத் தெரியாமல் தடை உள்ள புதன்கிழமைக்கு இடம் பிடித்துவிட்டு அப்புறம் சால்மனைத் தேடிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

தடை இல்லாத நாட்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியவற்றை ஒதுக்கிவிட்டு, இடைப்பட்ட அட்டமி வாக்கில் வரும் நாளைக் கேளுங்கள். அப்போது ஓதத்தின் வீச்சு குறைவு, குண்டு தரையில் நிற்கும் நேரம் கூடும். போனில் பேசும்போது 'எத்தனை பேரை ஏற்றுகிறீர்கள், எல்லோரும் எங்கே நின்று தூண்டில் போடுவோம், கேபினில் ஹீட்டர் உண்டா' என்று கேட்டாலே போதும். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிற கேப்டனுக்கு முன்பணம் அனுப்புங்கள்.