அமேஸிங் ஸ்பைடர்மேன் 121: கிழிந்த மூலப் பிரதியா, பளபளக்கும் தொகுப்பா?

ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேஸி பாலத்திலிருந்து விழும் இதழ் என்று சொன்னாலே போதும், காமிக்ஸ் படிப்பவர்களுக்கு 1973 ஜூன் தேதியிட்ட 121தான் நினைவுக்கு வரும். கதை ஜெரி கான்வே, பென்சிலில் வரைந்தவர் கில் கேன், அதன்மேல் மை தீட்டியவர்கள் ஜான் ரொமிட்டாவும் டோனி மோர்ட்டெலாரோவும். அதை மறுபடி படிக்க முக்கியமாக நான்கு வழிகள் உண்டு: 1973இன் மூலப் பிரதி, 1978இல் மார்வெல் பதிப்பகத்தின் ‘மார்வெல் டேல்ஸ்’ 98ஆம் இதழாக வந்த மறுபதிப்பு, அவர்களின் மாஸ்டர்வொர்க்ஸ் வரிசை மாதிரியான தொகுப்பு நூல், டேப்லெட். என் ஓட்டு மூலப் பிரதிக்கு. அதிலும் அட்டை கிழிந்து, மூலை மடங்கி, ஆனால் உள்ளே ஒரு தாளும் குறையாமல் இருக்கும் பிரதிக்கு.

டேப்லெட்டில் படிப்பது மலிவு, வசதி. ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறையை மட்டும் அணைத்துவிடுங்கள். கில் கேன் பக்கம் முழுவதையும் ஒரே வீச்சாக அமைத்தவர். கட்டம் கட்டமாக வெட்டினால் அந்த வீழ்ச்சியின் வேகம் போய்விடுகிறது.

தொகுப்பு நூலுக்கு நியாயமான பலம் உண்டு. மாஸ்டர்வொர்க்ஸ் 13ஆம் தொகுதியில் 121 முதல் 131 வரை வரிசையாகக் கிடைக்கும், தாளும் சீக்கிரம் மஞ்சளாகாது. ஆனால் க்வென்னின் சாவைச் சொல்லிவிடும் தலைப்பை முதல் பக்கத்தில் போடாமல் வேண்டுமென்றே கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவைத்தார்கள். தொகுப்பின் பொருளடக்கம் அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடும். இன்னொன்று, பாலத்தின் பெயர். வசனத்தில் இருப்பது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். வரைந்திருப்பதோ கல் கோபுரங்கள் கொண்ட புரூக்ளின் பாலம். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் கோபுரங்கள் எஃகுச் சட்டங்கள், கல் அல்ல. சில மறுபதிப்புகளில் வசனத்தையே திருத்திவிட்டார்கள். பிழை பிழையாகவே இருக்கட்டும். வாங்குமுன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

வண்ணத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வண்ணத் தேர்வு, மையை உறிஞ்சிக் கொஞ்சம் மங்கவைக்கும் நியூஸ்பிரிண்ட் என்ற செய்தித்தாள் வகைத் தாளை மனதில் வைத்துச் செய்தது. அதே மஞ்சளையும் பச்சையையும் வெள்ளை வெளேரென்ற வழவழத் தாளில் அடித்தால் கண்ணில் குத்துகிறது.

‘மார்வெல் டேல்ஸ்’ 98 மூலப் பிரதிக்கும் தொகுப்புக்கும் நடுவில் நிற்கிறது. அதே வகைத் தாள், மூலத்தைவிட மிகக் குறைந்த விலை. ஆனால் 70களின் பிற்பகுதியில் மார்வெல் இதழ்களில் கதைப் பக்கங்கள் குறைந்துவிட்டதால், பழைய கதையை அடக்க மறுபதிப்புகளில் பக்கங்களைக் கத்தரிப்பது வழக்கமாக இருந்தது. ஆகவே முழுமையான பதிப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடாமல் வாங்க வேண்டாம்.

மூலப் பிரதிக்கு வருவோம். எல்லாவற்றையும் தீர்மானிப்பது தாளின் உயிர்தான். நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமல் இருக்கும். வெளிச்சமும் சூடும் பட்டால் அது பழுப்பாகி அமிலத்தைக் கூட்டும், தாள் நொறுங்கத் தொடங்கும். அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்தாள் நொறுங்கினால் அது படிக்கும் பிரதி அல்ல. மாறாக, அட்டை கழன்ற பிரதியிலும் தாள் வளைந்து கொடுத்தால் பல முறை படிக்கலாம்.

நேரில் பார்க்கும்போது முதலில் உள்தாள்களை எண்ணுங்கள்: 16 தாள், 32 பக்கம். நடுத்தாள் ஸ்டேபிளில் பிடித்திருக்கிறதா, விளம்பரக் கூப்பன் எதையாவது வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கூப்பனை வெட்டினால் மறுபக்கத்துக் கதையிலும் ஓட்டை விழும். பிறகு உள்பக்கத்தின் ஓரத்தை விரலால் மெதுவாக வளையுங்கள். துகள் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். ஸ்டேபிள் துரு தாளுக்குள் பரவியிருந்தாலோ பூஞ்சை வாடை வந்தாலோ மலிவு விலைக்கு மயங்காதீர்கள். செலோடேப் ஒட்டியதையும் தவிர்க்கலாம்; அதன் பசை மஞ்சளாகி அடுத்த தாளுக்கும் ஊறும். தரம் மதிப்பிட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்தது மறுவிற்பனைக்கு நல்லது, படிப்பதற்கு ஆகாது.

வீட்டுக்கு வந்தபின் வேலை கொஞ்சம் கூடும். பிவிசி உறை வேண்டவே வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் உறை போதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாலியெஸ்டர் உறை விலை அதிகம், வெகுகாலம் தாங்கும். உறைக்குள் இதழின் பின்னால் தாங்கலாக வைக்கும் அட்டை உள்ளுக்குள்ளும் அமிலமற்றதாக இருக்க வேண்டும். மேற்பூச்சில் மட்டும் அமிலத்தை முறிக்கும் காரம் சேர்த்த மலிவான அட்டையில் சில ஆண்டுகளில் பூச்சின் பலன் தீர்ந்து, உள்ளிருக்கும் அமிலம் இதழுக்கே வரும். ஈரப்பதம் 40–50 விழுக்காடு நல்லது. சென்னை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோரத்தில் அதை எட்டுவது கடினம். மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு அடிக்கடி காயவைத்து மாற்றினால் ஸ்டேபிள் துருவாவது தாமதமாகும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் பரணும் வேண்டாம். படிக்கும்போது மேசையில் வைத்து, சுத்தமான உலர்ந்த கையால், பாதி மட்டும் விரித்துப் புரட்டுங்கள். முழுக்க மலர்த்தினால் ஸ்டேபிள் துளையிலிருந்து கிழியும்.

இத்தனை பாடும் அந்த ஒரு கட்டத்துக்காகத்தான். ஸ்பைடர்மேனின் வலை க்வென்னைப் பிடித்து நிறுத்துகிறது. கழுத்தருகே ‘ஸ்னாப்’ என்று சின்னதாக ஓர் ஒலிச்சொல். வாசகர்கள் சண்டையிட்டது அதை வைத்துத்தான். அவளைக் கொன்றது விழுந்த வேகமா, திடீரென நிறுத்திய வலையா? வலை நிறுத்திய அதிர்ச்சிதான் அவளைக் கொன்றது என்று 125ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் அப்போதைய மார்வெல் ஆசிரியர் ராய் தாமஸ் பதில் எழுதினார். கடிதப் பக்கங்களைத் தொகுப்புகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆகவே 121ஐத் தேடும்போதே, கதை முடியும் ஜூலை மாத 122ஐயும், கையில் காசு மிஞ்சினால் 125ஐயும் சேர்த்துத் தேடுங்கள்.