மலிவு விலை மீன் தீவனம் வாங்கி நான் பட்டது: மூட்டையின் தையலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

டெல்டா பக்கம் குளம் வைத்து மீன் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கம்பெனி பெயர் போட்ட மூட்டையில் வேறு தீவனத்தை அடைத்து ஒரு ஆள் ஊர் ஊராக விற்றுக்கொண்டிருக்கிறார், நான் 60 மூட்டை வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஏக்கர் குளம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து போன ஆடியில் 3,000 குஞ்சு விட்டேன். ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு. பிடிக்கிற மீனை வியாபாரிக்குக் கொடுப்பதைவிட ஞாயிற்றுக்கிழமை கரையிலேயே உயிரோடு எடை போட்டுக் கொடுப்பதுதான் அதிகம், அதனால் என் மீனின் ருசிதான் எனக்கு விளம்பரம்.

தை மாதம் வரை வழக்கமான கடையில்தான் தீவனம் எடுத்தேன். வலை போட்டுப் பார்த்தபோது சராசரி 450 கிராம் இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான் அந்த ஆள் டாடா ஏஸில் வந்தார். "அண்ணே, அதே தீவனம், டிப்போவிலிருந்து நேரா வருது, மூட்டைக்கு 180 ரூபாய் குறைச்சுக்கலாம்" என்றார். 25 கிலோ மூட்டை, அதே பை, அதே அச்சு, 28 சதவீதம் புரதம் என்று போட்டிருந்தது. நான் தயங்கியதும் ஒரு ஆய்வக ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார், அதில் புரதம் 27 என்று சீல் வைத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்பினேன். மூன்று மாதத்தில் 60 மூட்டை வாங்கினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாசி கடைசியிலேயே குளம் மாறத் தொடங்கிவிட்டது. போட்ட தீவனத்தில் கால்வாசி மிதக்காமல் கீழே போனது. தண்ணீர் கரும்பச்சையாகி, காற்று அடிக்கிற பக்கத்துக் கரையில் பெயின்ட் ஊற்றியதுபோலப் பாசி ஒதுங்கியது. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நான் வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று போர் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சமாளித்தேன்.

பங்குனி கடைசியில் முதல் பிடிப்பு. மீன் பார்க்க உருண்டையாக இருந்தது, எடைதான் 600 கிராம் தாண்டவில்லை. மறுநாள் காலை, முதல் வருடத்திலிருந்து என்னிடமே வாங்கும் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா தூக்குவாளியோடு வந்தார். உள்ளே அவர் வைத்த குழம்பு. திட்டவில்லை, சத்தம் போடவில்லை. "தம்பி, நீயே ஒரு துண்டு வாயில வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். முதலில் சேற்று வாடை, அப்புறம் நாக்கில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு காறல், பத்து தடவை காய்ச்சிய வடைச் சட்டி எண்ணெயை நக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அவ்வளவு புளியும் மிளகாயும் போட்டும் அது மறையவில்லை. அந்த அம்மா முன்னால் நிற்கவே எனக்கு முடியவில்லை.

வீட்டுக்குப் போய் நாலு மீனை அறுத்தேன். குடலைச் சுற்றி வெள்ளையாக, விரல் கனத்துக்குக் கொழுப்பு. ஈரல் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டியது வெளிறி மஞ்சளாக, தொட்டால் நசுங்கியது. அப்புறம்தான் மிச்சமிருந்த மூட்டைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வாய்த் தையலுக்கு அரை விரல் கீழே இன்னொரு வரிசை ஊசித் துளை, நூல் இல்லாமல். ஒரு தடவை பிரித்த பையைத் திரும்பத் தைத்திருக்கிறார்கள்! பேட்ச் எண்ணும் தேதியும் எல்லா மூட்டையிலும் ஒன்றேதான், மூன்று மாதமாக வந்த சரக்கில்.

ஒரு கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ரிசல்ட் வந்தபோது புரதம் 26 என்று இருந்தது, எனக்குத் தலையே சுற்றியது. அங்கிருந்தவரிடம் போன் போட்டு நடந்ததைச் சொன்னதும் அவர் யூரியாவையும் தனியாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் உண்மையான புரதம் 18தான். மீதி யூரியாவால் வந்த பொய்க் கணக்கு.

இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணப் புரதப் பரிசோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அதனால் 100 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா கலந்தால் பேப்பரில் புரதம் கிட்டத்தட்ட 2.9 சதவீதம் ஏறிவிடும். 2007-ல் அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனத்தில் மெலமின் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனம் கலந்து பிடிபட்டதும், அடுத்த வருடம் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் பிடிபட்டதும் இதே ஏமாற்றுதான். மாட்டுக்காவது இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவைக் கொஞ்சம் புரதமாக்கித் தரும். மீனுக்கு அந்த வசதி இல்லை. கரைந்து தண்ணீருக்குத்தான் போகும். நான் தினமும் காசு கொடுத்து என் குளத்துக்கு உரம் போட்டிருக்கிறேன். அதில்தான் அந்தப் பாசி. நீலப்பச்சைப் பாசியில் சில வகை ஜியோஸ்மின் என்ற பொருளை விடும், புது மழையில் மண் மணக்குமே, அதே பொருள்தான். மீன் அதைச் செவுள் வழியாக இழுத்துக் கொழுப்பில் சேர்த்துக்கொள்ளும். அதுதான் சேற்று வாடை. புரதம் குறைந்து மாவும் எண்ணெயும் மிஞ்சியதால் சதை வைக்க வேண்டிய மீன் கொழுப்பு வைத்தது. அந்த எண்ணெயும் சிக்குப் பிடித்த தவிட்டு எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும், ஒரு குருணையை நசுக்கி முகர்ந்தாலே அந்த வாடை வந்தது. மீன் தின்கிற கொழுப்பு எதுவோ அதுதான் அதன் சதையில் போய் உட்காரும்.

பிடித்த மீனைத் தீவனம் இல்லாமல் ஒரு வாரம் சிமென்ட் தொட்டியில் சுத்தமான தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். மண் வாடை பாதி குறைந்தது. காறல் போகவில்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். மிச்சம் பிடித்தது 10,800 ரூபாய். 1,500 கிலோ தீவனத்துக்கு 900 கிலோவாவது எடை கூடியிருக்க வேண்டும், கூடியது 400 சொச்சம். கிலோ 130 என்று போட்டாலும் 65,000 ரூபாய் போயிற்று. டீச்சரம்மா உட்பட வாங்கியவர்களில் தெரிந்தவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது தனி.

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "உங்க குளத்துத் தண்ணி சரியில்லண்ணே" என்றார், அப்புறம் எடுக்கவே இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லியிருக்கிறேன். சொந்தப் பிழைப்புக்காக நாமே செய்கிற தொழிலுக்கு வாங்கிய பொருள் என்றால் நாமும் நுகர்வோர்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது, வியாபாரத்துக்கு வாங்கியது என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். ஆனால் பில் இல்லாததுதான் என் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. கொடுக்க மறுத்தால் சரக்கை இறக்கவே விடாதீர்கள்.

இப்போது எந்த லோடு வந்தாலும் முதலில் தையலைப் பார்க்கிறேன். ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் விடுகிறேன், மூழ்கினாலோ கரைந்து கலங்கினாலோ திருப்பி அனுப்பிவிடுகிறேன். நசுக்கி முகர்கிறேன். ஒவ்வொரு லோடிலும் அரை கிலோவைக் காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதி எடுத்து வைக்கிறேன். ஆய்வகத்துக்கு அனுப்பினால் புரதத்தோடு யூரியாவையும் பார்க்கச் சொல்லுங்கள், அதைக் கேட்டு வாங்காவிட்டால் என்னிடம் காட்டிய மாதிரி ரிப்போர்ட்டை யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

அந்த வண்டி போன வாரம் திருத்துறைப்பூண்டி பக்கம் நின்றதாக ஒரு தம்பி சொன்னார். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மூட்டையின் வாய்த் தையலை வெளிச்சத்தில் பாருங்கள். கீழே இரண்டாவது துளை வரிசை தெரிந்தால் குளத்தில் போடாதீர்கள், பையோடு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.