லேப்டாப் கீபோர்டு விட்டு விட்டு வேலை செய்தால்: மாற்றுவதா, யூஎஸ்பி கீபோர்டு வாங்குவதா?

முதலில் பயாஸ் திரைக்கு (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் அம்புக்குறி விசைகளை அழுத்திப் பாருங்கள். அங்கே சரியாக நகர்ந்தால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸில்தான்; வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்தியதில் ஃபில்டர் கீஸ் (சட்டென்று அழுத்தும் விசைகளைக் கண்டுகொள்ளாமல் விடும் விண்டோஸ் வசதி) இயங்கியிருக்கலாம். அங்கேயும் திணறினால்தான் இந்தக் கேள்வி.

செலவு: யூஎஸ்பி கீபோர்டு சுமார் 500 ரூபாய். உள்கீபோர்டை மாற்றினால் பல மடங்கு. மேல்மூடியோடு ரிவெட் அடித்த மாடல் என்றால் இன்னும் கூடும்.

உழைப்பு: மாற்றியது நெடுநாள் வரும். ஆனால் கழற்றியதும் ரிப்பன் கேபிளை, அதாவது கீபோர்டை உள்ளே இணைக்கும் தட்டையான வயரைப் பாருங்கள். அதன் சின்ன லாக் தளர்ந்திருந்தால் திரும்பச் செருகினாலே போதும். என் லேப்டாப்பில் அப்படித்தான் சரியானது.

வசதி: பேருந்தில், மடியில் வைத்து வெளிக் கீபோர்டில் தட்ட முடியாது.

மேசையில் மட்டும் வேலை என்றால் யூஎஸ்பி. தினமும் தூக்கிப் போகிறவர்கள் மாற்றிவிடுங்கள். தேநீர் கொட்டியிருந்தால் இரண்டையும் யோசிக்காதீர்கள், உடனே அணைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.