வார்னிஷா, பியூவா? மரப் படகின் மேல்தளத்துக்கு நான் எடுத்த முடிவு

படகு கட்டி முடித்து மூன்று கோடை ஆகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் மோட்டாரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மேல்தளத்தைத் தடவிப் பார்த்து, "இது சாதா வார்னிஷா, பியூவா?" என்கிறார்கள். (பியூ என்பது பாலியூரித்தேன் பூச்சு.) சொந்தமாக மரப் படகு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் போன குளிர்காலத்தில் இதே கேள்வியோடு போன் செய்தார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

படகு கிளென்-எல் நிறுவனத்தின் ஜிப் என்ற வரைபடத்தைப் பார்த்துக் கட்டியது. 14 அடி 4 அங்குல நீளம், பின்னால் அவுட்போர்டு மோட்டார். சட்டங்களின் மேல் மரைன் பிளைவுட், மேல்தளத்தில் மட்டும் அதன் மேல் மெல்லிய மகோகனிப் பட்டைகள். கனடாவின் ஒன்டாரியோவில் சிம்கோ ஏரியிலும் மஸ்கோகா பக்கமும் ஓட்டுகிறேன். மே மாதம் தண்ணீரில் இறங்கும், அக்டோபரில் கொட்டகைக்குள் போய்விடும்.

அடிப்பகுதிக்கும் பக்கங்களுக்கும் அதிகம் யோசிக்கவில்லை. எபாக்சி என்ற இறுகும் பிசின், கண்ணாடி நார்த்துணி, மேலே பெயிண்ட். மேல்தளத்துக்கும் பெயிண்டே அடித்துவிடலாமே என்றால், தாராளமாக அடிக்கலாம். பெயிண்டில் இருக்கிற நிறமி வெயிலை மரத்துக்குப் போகவிடாமல் தடுத்துவிடும், பராமரிப்பும் குறைவு. மகோகனியின் ரேகை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் மீதிக் கதை.

கண்ணாடி மாதிரித் தெளிவான பூச்சு எதுவாக இருந்தாலும் எதிரி வெயில்தான். புற ஊதாக் கதிர் பூச்சைத் தாண்டிப் போய், மரத்தின் மேல்பரப்பில் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பூச்சு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அது பிடித்துக்கொண்டிருந்த மரம் அடியில் நொய்ந்துபோயிருக்கும். அதனால் எந்தப் பூச்சும் என்றைக்காவது ஒருநாள் விடத்தான் செய்யும். விட்ட பிறகு நாம் என்ன பாடுபட வேண்டும் என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

பியூ என்பது இரண்டு டப்பா பாலியூரித்தேன். பூச்சையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் அளந்து கலந்ததும் ரசாயன வினை தொடங்கிவிடும், பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். காய்ந்தால் கல் மாதிரி. பளபளப்பில் சாதா வார்னிஷ் அதன் பக்கத்தில் நிற்காது, செருப்புக் கால் பட்டாலும் சுலபத்தில் கீறல் விழாது. ஆனால் அந்தக் கடினத்துக்கு ஏற்ற அடித்தளம் வேண்டும். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது கூடவே அசைந்துகொடுக்க அதற்கு வராது. அதனால் கீழே எபாக்சி போட்டு மரத்தை அசையவிடாமல் அடைத்த பிறகுதான் பியூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சைப் பாதிக்கும் ரசாயனம் இருக்கிறது. பிரஷ்ஷில் அடித்தாலும் தகுந்த முகமூடி வேண்டும், ஸ்ப்ரே செய்வதென்றால் வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடியே வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜில், பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்தில், எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

சாதா வார்னிஷ் எண்ணெயும் ரெசினும் சேர்ந்தது, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. நான் வாங்கியது எபிஃபானெஸ். முதல் கோட்டில் பாதிக்குப் பாதி தின்னர், அது மரத்துக்குள் இறங்க வேண்டும். அடுத்தடுத்த கோட்டுகளில் தின்னரைக் குறைத்துக்கொண்டே போய், கடைசிக் கோட்டுகளை டப்பாவில் இருந்தபடியே அடித்தேன். மொத்தம் எட்டுக் கோட். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி, நடுவில் 320 உப்புத்தாள் தேய்ப்பு. தரையில் தண்ணீர் தெளித்து, தூசி அடங்கிய பிறகு காலை 10 மணிக்குள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவேன். இப்படியே இரண்டு வாரம் போயிற்று. நேரம்தான் பிரச்சினை என்றால் இதில் பியூவுக்கே வெற்றி.

சரி, பிறகு ஏன் வார்னிஷ்?

இரண்டாவது கோடையில், படகுத்துறையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு போல்ட் முனை முன்தளத்தின் ஓரத்தைக் கிழித்தது. சுண்டுவிரல் நீளக் கீறல், மரம் வெளியே தெரிந்தது. அன்றைக்கே துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன். 220 உப்புத்தாளைச் சின்னக் கட்டையில் சுற்றி, கீறலைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு ஓரம் மங்குகிற மாதிரித் தேய்த்தேன். அந்த இடத்தில் மட்டும் தினமும் சாயங்காலம் ஒரு கோட், முதலில் தின்னர் கலந்தது, பிறகு நான்கு கோட் சாதாரணமாக. கடைசியில் அந்தப் பக்கம் முழுவதையும் 320-ஆல் லேசாகத் தேய்த்து ஒரே கோட். சாய்வெயிலில் முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால் மட்டும் எனக்கு இடம் தெரிகிறது. மற்றவர்களுக்குக் காட்டினாலும் தெரிவதில்லை.

நண்பர் ஒருவரின் படகுக்கு எபாக்சி மேல் பியூ. முதல் இரண்டு வருடம் என் படகை விட அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது வருடம், கயிறு கட்டும் கிளீட்டின் திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. முதலில் பால் சிந்திய மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு. பட்டிக் கத்தியை நுழைத்ததும் அது தாளாக உரிந்து வந்தது. பக்கத்திலேயே ஓர் அங்குலம் தள்ளி இரும்பு மாதிரிப் பிடித்திருந்தது. உரிந்த இடத்தை மட்டும் நிரப்பிப் பார்த்தார். பழைய பூச்சோடு புதியது கரைந்து சேராததால் எல்லைக் கோடு வளையமாகத் தெரிந்தது. கடைசியில் முன்தளம் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. பழைய வார்னிஷ் என்றால் ஹீட் கன் காட்டினால் இளகி, ஸ்கிரேப்பரோடு சுருள் சுருளாக வந்துவிடும். பியூ அப்படி இளகிக் கொடுக்காது. அதுவும் கீழே மெல்லிய மகோகனிப் பட்டை இருக்கும்போது மெஷின் வைத்துத் தேய்க்கிற ஒவ்வொரு நிமிடமும் வயிற்றைக் கலக்கும்.

கிரேவன்ஹர்ஸ்டில் டிச்பர்ன், பிரேஸ்பிரிட்ஜில் மினெட் என்ற படகுப் பட்டறைகள் 1920-களில் கட்டிய மகோகனிப் படகுகள் இன்னும் மஸ்கோகாவில் ஓடுகின்றன. உரித்து, திரும்பப் பூசி, மறுபடி உரித்து என்று பல கைகள் மாறி வந்தவை அவை. நம் கரையில் வள்ளங்களுக்குச் சுறா எண்ணெய் தடவியதும் இதே வழக்கம்தான். ஒரே தடவையில் முடிகிற வேலையாக யாரும் அதை நினைத்ததில்லை.

வார்னிஷின் விலை, வருடா வருடம் வசந்தத்தில் ஒரு வார இறுதி. லேசாகத் தேய்த்து இரண்டு கோட். ஒரு வருடம் தவறவிட்டால் தெரியாது, இரண்டு வருடம் விட்டால் மரம் சாம்பல் நிறமாகத் தொடங்கும். அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் பியூவுக்கே போகலாம், ஆனால் ஒவ்வொரு திருகாணித் துளையையும் எபாக்சியால் அடைத்து, சீலன்ட் வைத்து உட்கார வையுங்கள். இன்னொன்று: இரும்புக் கம்பளியால் தேய்க்காதீர்கள். உடைந்த நுனிகள் மரத்தில் தங்கித் துருப்பிடித்துக் கறுப்புப் புள்ளிகளாகும். வெண்கலக் கம்பளி கிடைக்கிறது.

என் அனுபவம் நன்னீர் ஏரியில் மூன்று கோடை, மீதி மாதங்கள் கூரைக்குள். உப்புக் கடலில் வருடம் முழுக்க வெயிலில் நிற்கிற படகுக்கு இதையே அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே இரண்டு கோட் போதுமா, வருடத்தில் இரண்டு முறை பூச வேண்டுமா என்பதை அங்கே படகு வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

டாஷ்போர்டுக்கு மட்டும் பியூ அடித்திருக்கிறேன், கராஜுக்கு வெளியே, முகமூடி போட்டுக்கொண்டு. சின்னப் பலகை, தனியாகக் கழற்றி எல்லாப் பக்கமும் எபாக்சியால் அடைக்க முடிந்தது, வெயிலும் நேராகப் படாது. சாவியும் கைகளும் உரசுகிற இடம் அது, ஆனால் மூன்று கோடைக்குப் பிறகும் ஒரு கீறல் இல்லை.