பெட் பாட்டிலைக் கரைக்கும் நொதி: எந்த வழியில் உறுதியாக்குவது?

பெட் பிளாஸ்டிக்கின் இறுகிய சங்கிலிகள் 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் இளகி, நொதி நுழைய இடம் கொடுக்கும். ஜப்பானின் சகாய் நகரில் கிடைத்து 2016இல் அறிவிக்கப்பட்ட பாக்டீரியாவின் பெட்டேஸ் நொதியோ 50 டிகிரிக்கு முன்பே மடிப்பு அவிழ்ந்து செயலிழக்கிறது. தென் கொரியக் குழு ஒன்று 2019இல் அந்த நொதிப் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில் மூன்றை மாற்றி, உருகுநிலையை, அதாவது நொதியின் மடிப்பு அவிழும் வெப்பநிலையை, 9 டிகிரி அளவுக்கு உயர்த்தியது. அந்த மூன்று மாற்றங்களின் மேல்தான் பிறகு இரண்டு வழிகள் பிரிந்தன.

மான்செஸ்டர் குழு பரிணாமத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது. பல இடங்களில் மாற்றங்களைப் புகுத்தி, சூட்டில் தாக்குப்பிடித்து நன்றாக வேலை செய்வதை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போவது இந்த முறை. கடைசியில் 21 மாற்றங்கள், உருகுநிலை 82.5 டிகிரி. ஒரு மாற்றம் ஏன் உதவுகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதுதான் இதன் பெரிய பலம். ஆனால் ஏராளமான வகைகளைச் சோதிக்கும் தானியங்கி வசதி இல்லாத ஆய்வகம் இந்தப் பக்கம் போக முடியாது.

டெக்சாஸ் குழு 2022இல் மெஷின் லேர்னிங்கை நம்பியது. எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் அக்கம்பக்கத்தோடு பொருந்தவில்லை என்று கணினி சொன்னது. மொத்தம் ஐந்தே மாற்றங்களில் உருவான அந்த நொதி, 50 டிகிரியில் 51 வகை பெட் பிளாஸ்டிக் பெட்டிகளை ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் சிதைத்தது. அதிகம் சூடாக்க வழியில்லாத இடத்துக்கு இதையே தேர்ந்தெடுப்பேன்.

தொழிற்சாலைக்கு என்றால் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் பெட்டேஸைத் தொடவே இல்லை. இலைதழை உரக்குவியலிலிருந்து கிடைத்த, 84.7 டிகிரி வரை தாங்கும் வேறொரு நொதியை எடுத்துக்கொண்டார்கள். அது கால்சியம் சேர்ந்தால் இன்னும் உறுதியாகும், ஆனால் அந்த உப்பு பின்னால் சுத்திகரிப்பில் தொல்லை. கால்சியத்தைப் பிடிக்கும் இடத்திலேயே இரண்டு அமினோ அமிலங்களைக் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலமாக மாற்றி, இரண்டின் கந்தகத்தையும் இணைக்கும் டைசல்பைடு பிணைப்பால் தைத்துவிட்டார்கள். அப்படித் தைத்ததில் வேகம் கொஞ்சம் குறைந்தது. அதை ஈடுகட்ட, பிளாஸ்டிக்கைப் பற்றும் பகுதியில் மாற்றம் செய்தார்கள். ஆக நான்கே மாற்றங்கள், உருகுநிலை 94 டிகிரி. 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் 90 சதவீத பெட் சிதைந்தது. நல்ல அடித்தளம் கிடைத்தால் இருபது மாற்றம் தேவைப்படாது.

இந்த எண்களை அப்படியே ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது, சரியா? துலூஸில் பாட்டில் துண்டுகளை முதலில் உருக்கிக் குளிரவைத்துப் பொடியாக்கிய பிறகே நொதியிடம் கொடுத்தார்கள். பாட்டிலில் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கி இறுகிய படிக அமைப்பை இந்த நொதிகளால் எளிதில் கடிக்க முடியாது. அப்புறம், 72 டிகிரியைத் தாண்டினால் பெட் பிளாஸ்டிக்கே வேகமாகப் படிகமாகத் தொடங்குகிறது. அதனால் இந்த வேலைக்கு 94ஐத் தாண்டி இன்னும் உறுதி சேர்ப்பதில் பெரிய லாபம் இல்லை.